ஆறு மாதத்துக்கு ஒரு முறை

2008 ஜனவரி 30 அன்று சுவிட்சர்லாந்து மருத்துவர்களின் வார இதழில் நான்கு பேர் சேர்ந்து எழுதிய ஒரு கட்டுரை வெளியானது. செங்காலன் நகரின் பியட்ரோ வெர்னாட்சா, ஜெனீவாவின் பெர்னார்ட் ஹிர்ஷெல், லுகானோவின் எனோஸ் பெர்னாஸ்கோனி, சூரிச்சின் மார்க்குஸ் ஃபிளெப் ஆகிய அந்த நால்வரும் எச்.ஐ.வி. நோயாளிகளைப் பல ஆண்டுகளாகப் பார்த்துவந்தவர்கள். சொல்லவந்ததைத் தலைப்பிலேயே சொல்லிவிட்டார்கள்: வேறு பால்வினை நோய் இல்லாமல், பலன்தரும் மருந்தை முறையாக எடுத்துவரும் எச்.ஐ.வி. உள்ளவரிடமிருந்து உடலுறவு வழியாகக் கிருமி பரவாது. அதற்கு மூன்று நிபந்தனைகள் வைத்தார்கள். மருந்தை விடாமல் சாப்பிட்டு மருத்துவரின் கண்காணிப்பில் இருக்க வேண்டும். குறைந்தது ஆறு மாதமாக ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவில் இருக்க வேண்டும். வேறு பால்வினைத் தொற்று இருக்கக் கூடாது.

உலகம் கொந்தளித்தது. ஐ.நா.வின் எய்ட்ஸ் அமைப்பும் உலக சுகாதார நிறுவனமும் ஹிர்ஷெலின் மருத்துவமனை இருக்கும் அதே ஜெனீவாவிலிருந்து மறுப்பு வெளியிட்டன: ஆணுறையே பாதுகாப்பு, அதைக் கைவிட வேண்டாம் என்று. அந்த ஆகஸ்டில் மெக்சிகோ நகரில் நடந்த உலக எய்ட்ஸ் மாநாட்டிலும் இதுவே சூடான விவாதம். எதிர்த்தவர்களின் பயம் அர்த்தமற்றது என்று நான் சொல்லமாட்டேன். ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு என்று அளக்கும் சோதனையே கிடைக்காத நாடுகளில், "கண்டறிய முடியாத அளவு" என்ற நிபந்தனையை யார் சரிபார்ப்பது?

ஆனால் சுவிஸில் அதைச் சரிபார்க்க முடிந்தது. இந்தக் கட்டுரை பேசப்போவது அதைப் பற்றித்தான். மருந்து எல்லா நாட்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். மருந்தை விழுங்கியவருக்கு அதன்பின் என்ன ஆகிறது என்று இருபது, முப்பது ஆண்டு விடாமல் கவனித்து, கண்டதை அவரிடமே திருப்பிச் சொல்வது எல்லா இடத்திலும் நடப்பதில்லை. எச்.ஐ.வி. சிகிச்சையின் தரம் அங்கேதான் உயர்கிறது அல்லது சரிகிறது.

மருந்து செய்யும் வேலையை முதலில் பார்த்துவிடலாம். எச்.ஐ.வி.யின் மரபுக்குறிப்பு ஏறத்தாழ 9,700 எழுத்துகள் நீளமுள்ள ஒரு ஆர்.என்.ஏ. இழை. நம் நோயெதிர்ப்புப் படையை வழிநடத்தும் சிடி4 செல்லுக்குள் நுழைந்து, அந்த இழையை டி.என்.ஏ.வாகப் படியெடுத்து, செல்லின் சொந்த டி.என்.ஏ.வுக்குள் செருகிவிடுகிறது. சிகிச்சை இல்லாத உடலில் ஒரு நாளில் உருவாகும் புதிய வைரஸ்கள் ஆயிரம் கோடி வரை இருக்கலாம். படியெடுக்கும் நொதி கவனக்குறைவானது. அடிக்கடி எழுத்துப்பிழை விடும். அந்தப் பிழைகளுள் சில, மருந்துக்குப் பிடிபடாத வைரஸை உண்டாக்கிவிடும். ஒரே மருந்து கொடுத்தால் சில வாரங்களில் அதைத் தாண்டிவிடும். வெவ்வேறு படிகளில் தடுக்கும் மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால், எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் தாண்டும் பிழை தற்செயலாக அமைவது அரிதினும் அரிது. 1996-இல் வந்த கூட்டு மருந்துச் சிகிச்சை இந்தக் கணக்கை வைத்தே வென்றது.

ஆனால் ஏற்கெனவே செல்லின் டி.என்.ஏ.வில் செருகப்பட்டுவிட்ட வைரஸ் குறிப்பை எந்த மருந்தும் இன்னும் பிடுங்கி எறியவில்லை. நெடுநாள் வாழும் சில நினைவுச் செல்களில் அது உறங்கிக்கிடக்கிறது. மருந்தை நிறுத்தினால் பெரும்பாலோருக்குச் சில வாரங்களுக்குள் வைரஸ் திரும்பிவிடும். ரத்தத்தில் மருந்தின் அளவு இறங்கி, வைரஸ் பாதி தடுக்கப்பட்ட நிலையில் பெருகும் நாட்கள்தான் ஆபத்தானவை. மருந்தை எதிர்க்கும் வகைகள் அப்போது தேர்ந்தெடுக்கப்படுகின்றன. வாழ்நாள் முழுக்க, ஒரு நாளும் விடாமல் மாத்திரை என்பது உயிரியல் விதிக்கும் கட்டாயம். அந்தக் கட்டாயத்தை ஒரு மனிதர் தன் வேலை, காதல், குடும்பச் சண்டை, வேலையிழப்பு, முதுமை எல்லாவற்றினூடும் சுமக்க வேண்டியிருக்கிறது. பராமரிப்பு என்ற சொல்லுக்கு இந்த நோயில் அதுதான் பொருள்.

இனி சுவிஸ் என்ன செய்தது என்பதற்கு வருவோம்.

1980-களின் பிற்பகுதியில் மேற்கு ஐரோப்பாவிலேயே எச்.ஐ.வி. மிக அடர்த்தியாகப் பரவியிருந்த நாடுகளுள் சுவிட்சர்லாந்து ஒன்று. முக்கியக் காரணம் ஹெராயின் ஊசி. 1985-இல் சூரிச் மாநிலத்தின் தலைமை மருத்துவ அதிகாரி, போதைப் பழக்கம் உள்ளவர்களுக்குச் சுத்தமான ஊசி கொடுக்கக் கூடாது, கொடுக்கும் மருத்துவரின் உரிமம் போகும் என்று உத்தரவிட்டார். சுமார் 300 மருத்துவர்கள் கையெழுத்திட்டு அதை மீறப்போவதாக அறிவித்தார்கள். மறு ஆண்டே தடை விலகியது. 1988 இறுதியில் சூரிச் தேசிய அருங்காட்சியகத்துக்குப் பின்னால் உள்ள பிளாட்ஸ்பிட்ஸ் பூங்காவிலேயே மருத்துவக் குழு ஒன்று இறங்கி, ஊசி மாற்றிக் கொடுத்து, புண்களுக்குக் கட்டுப்போட்டு, மஞ்சள் காமாலைத் தடுப்பூசி போட்டது. ஊசிப் பூங்கா என்று உலகப் பத்திரிகைகள் பேர் வைத்த இடம் அது. 1992-இல் பூங்கா மூடப்பட்டது. கூட்டம் பக்கத்து லெட்டன் ரயில் நிலையத்துக்குப் பெயர்ந்தது. 1995-இல் அதுவும் மூடப்பட்டது. விரட்டுவதால் மட்டும் தீராது என்று அதற்குள் விளங்கிவிட்டிருந்தது. 1994-இல் மருத்துவர் கண்காணிப்பில் ஹெராயினையே மருந்தாகக் கொடுக்கும் சிகிச்சை சோதனையாகத் தொடங்கியது. அப்போது உள்துறை அமைச்சராக இருந்த ரூத் ட்ரைஃபுஸ் அந்தக் கொள்கையைத் தாங்கி நின்றவர். 2008 நவம்பரில் நாட்டு மக்கள் பொதுவாக்கெடுப்பில் 68 சதவீத ஆதரவோடு அதைச் சட்டமாக்கினார்கள். இன்று சுவிஸில் புதிதாகக் கண்டறியப்படும் எச்.ஐ.வி. தொற்றுகளில் ஊசி வழியானவை மிகச் சிறு பங்கே.

இந்தக் கொந்தளிப்பின் நடுவே, 1988-இல், யாரும் பெரிதாகக் கவனிக்காத இன்னொரு வேலையும் தொடங்கியது. அதன் பெயர் சுவிஸ் எச்.ஐ.வி. தொடராய்வு. பாசல், பேர்ன், ஜெனீவா, லொசான், லுகானோ, செங்காலன், சூரிச் என ஏழு மருத்துவ மையங்களும் அவற்றோடு இணைந்த மருத்துவமனைகளும் தனியார் மருத்துவர்களும் ஒரே படிவத்தில் ஒரே கேள்விகளைக் கேட்கத் தொடங்கினார்கள். சம்மதித்துச் சேர்ந்தவர் ஆறு மாதத்துக்கு ஒரு முறை வருவார். வைரஸ் அளவு, சிடி4 எண்ணிக்கை, சிறுநீரகம், ஈரல், கொழுப்பு எல்லாம் பதிவாகும். ரத்தத்தில் ஒரு பங்கு உறைநிலையில் சேமிக்கப்படும். புகை பிடிக்கிறீர்களா, மது எவ்வளவு, துணை உண்டா, ஆணுறை பயன்படுத்துகிறீர்களா என்ற கேள்விகளும் உண்டு. 2003 முதல் இன்னொன்றும் சேர்ந்தது: கடந்த நான்கு வாரத்தில் எத்தனை முறை மாத்திரை தவறியது? மிரட்டும் தொனியில் கேட்காவிட்டால் மனிதர்கள் உண்மையைச் சொல்வார்கள். இந்த எளிய கேள்விக்கு வந்த பதில்கள், யாருக்கு வைரஸ் திரும்பப்போகிறது என்பதை முன்கூட்டியே காட்டுவதாக அமைந்தன.

இதுவரை 21,000-க்கும் மேற்பட்டோர் இதில் சேர்ந்திருக்கிறார்கள். நாட்டில் எச்.ஐ.வி. மருந்து எடுப்பவர்களில் கிட்டத்தட்ட முக்கால்வாசிப் பேர் இந்த ஒரே பதிவில் இருக்கிறார்கள். 90 லட்சம் மக்கள்தொகை உள்ள நாடு என்பதால் முடிந்தது என்று சொல்லிவிடலாம். ஆனால் நான்கு தேசிய மொழிகளும் 26 மாநிலங்களும் கொண்ட, ஒவ்வொரு மாநிலமும் தன் சுகாதாரத் துறையைத் தானே நடத்துகிற நாடு அது. ஏழு மையங்களை ஒரே படிவத்துக்குள் முப்பது ஆண்டுக்கு மேல் பிடித்துவைத்திருப்பது சின்ன விஷயம் அல்ல.

அதனால் நோயாளிக்கு என்ன பயன்? சில உதாரணங்கள். நிமோனியா வராமல் இருக்க எச்.ஐ.வி. நோயாளிகள் ஒரு காலத்தில் தினமும் தனி மாத்திரை சாப்பிட்டார்கள். கூட்டு மருந்தால் சிடி4 எண்ணிக்கை ஏறிய பிறகு அது தேவையில்லை என்று 1999-இல் நிறுவியது இந்தத் தொடராய்வு. உலகம் முழுக்க நோயாளிகளின் கையிலிருந்து ஒரு மாத்திரை குறைந்தது. மருந்தை விட்டுவிட்டுக் கொடுத்தால் பக்கவிளைவும் செலவும் குறையுமே என்ற நியாயமான எண்ணம் ஒன்று இருந்தது. ஹிர்ஷெல் உள்ளிட்டோர் தாய்லாந்து, சுவிஸ், ஆஸ்திரேலியா மூன்றிலும் அதைச் சோதித்தார்கள். 2006-இல் முடிவு வந்தது. அதே ஆண்டு வெளியான இன்னும் பெரிய பன்னாட்டு ஆய்வொன்று, இடைவெளி விட்டவர்களிடம் நோயும் மரணமும் கூடுவதைக் காட்டியது. அந்த எண்ணம் அத்துடன் கைவிடப்பட்டது.

எனக்கு இவற்றுள் மிகவும் பிடித்தது ஹெபடைட்டிஸ் சி கதை. ஆண்களோடு உறவுகொள்ளும் ஆண்களிடம் ஈரலைத் தாக்கும் இந்தத் தொற்று ஏறிக்கொண்டே போவதைத் தொடராய்வின் எண்கள் காட்டின: 1998-க்கும் 2011-க்கும் இடையில் புதிய தொற்றின் வேகம் 18 மடங்கு. கிளினிக்கில் ஒவ்வொருவராகப் பார்க்கும் மருத்துவருக்கு இது தெரிந்திருக்காது. ஆண்டுக்கு ஒருவர் இருவர் கூடுவதாகவே தோன்றியிருக்கும். நேரடியாக வைரஸைத் தாக்கும் புதிய ஹெபடைட்டிஸ் மருந்துகள் வந்ததும், பதிவில் உள்ள அந்தப் பிரிவினரில் பெரும்பாலோரைச் சோதித்து, தொற்று உள்ளவர்களுக்குச் சிகிச்சை தந்தார்கள். மருந்து எடுத்தவர்களில் ஏறக்குறைய எல்லோரும் குணமானார்கள். புதிய தொற்று சுமார் பாதியாக விழுந்தது. கண்டுபிடித்த அதே பதிவேடுதான் யாரைக் கூப்பிட வேண்டும் என்ற முகவரிப் பட்டியலாகவும் இருந்தது.

இந்தப் பின்னணியில் 2008 கட்டுரையை மீண்டும் பாருங்கள். நால்வர் கையிலும் அப்போது சீட்டுக் குலுக்கிப் பிரித்துச் செய்த பெரிய ஆய்வு எதுவும் இல்லை. உகாண்டாவின் ராக்காய் பகுதியில் 415 தம்பதிகளைத் தொடர்ந்து 2000-இல் வெளியான ஆய்வு இருந்தது: ரத்தத்தில் ஒரு மில்லிலிட்டருக்கு 1,500 பிரதிக்கும் குறைவாக வைரஸ் இருந்தவர்களிடமிருந்து துணைக்கு ஒரு தொற்றுகூடப் போகவில்லை. ஸ்பெயினிலிருந்து ஒரு தம்பதியர் ஆய்வு இருந்தது. தங்கள் கிளினிக்குகளின் நெடிய அனுபவமும் இருந்தது. ஆபத்து லட்சத்தில் ஒன்றுக்கும் கீழ் என்று மதிப்பிட்டார்கள். அவர்களைத் தூண்டியது, குழந்தை பெற்றுக்கொள்ள விரும்பிக் கேட்டுக்கொண்டு வந்த தம்பதிகள். அவர்களுக்கு நாடெங்கும் மருத்துவர்கள் வெவ்வேறு பதில் சொல்லக் கூடாது. தெரிந்த உண்மை எல்லோருக்கும் ஒன்றாகப் போய்ச்சேர வேண்டும் என்பதே நோக்கம். ஜெனீவா நீதிமன்றம் 2009 பிப்ரவரியில், துணையை ஆபத்துக்குள்ளாக்கியதாகத் தண்டிக்கப்பட்டிருந்த ஒருவரை, அவர் பயனுள்ள சிகிச்சையில் இருந்ததால் விடுவித்தது.

பிறகு சான்று வந்தது, அதில் நம் ஊருக்கும் பங்கு உண்டு. ஒன்பது நாடுகளில் 1,763 தம்பதிகளை வைத்து நடந்த பெரிய ஆய்வில் சென்னையும் புனேயும் இடம்பெற்றன. சென்னையில் அதை நடத்தியது, 1986-இல் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்த மருத்துவர் சுனிதி சாலமன் நிறுவிய ஒய்.ஆர்.ஜி. கேர் மையம். உடனே சிகிச்சை தொடங்கியவர்களிடமிருந்து துணைக்குத் தொற்றுவது 96 சதவீதம் குறைந்தது என்று 2011-இல் முடிவு. அதன்பின் ஐரோப்பிய நாடுகளில், சுவிஸ் மையங்கள் உட்பட, ஒருவருக்கு மட்டும் எச்.ஐ.வி. உள்ள துணைவர்களைத் தொடர்ந்தார்கள். 2016-இல் வெளியான முடிவில் ஆணுறை இல்லாத சுமார் 58,000 உறவுகள். 2019-இல் ஆண் துணைவர்களிடையே மட்டும் ஏறத்தாழ 76,000. மருந்தால் வைரஸ் அடங்கிய துணையிடமிருந்து வந்த தொற்று இரண்டிலும் பூஜ்ஜியம். "கண்டறிய முடியாவிட்டால் கடத்தவும் முடியாது" என்று 2016 முதல் உலகம் முழுக்கச் சொல்லப்படுவது இதைத்தான். மறுத்த அமைப்புகளும் இன்று இதையே சொல்கின்றன.

இந்த ஒரு உண்மை எத்தனை தமிழ்க் குடும்பங்களுக்கு எட்டியிருக்கிறது? 1983-க்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து, இன்று சுமார் 50,000 தமிழர்கள் வாழும் சுவிஸில் இதைக் கேட்காமல் இருக்க முடியவில்லை. ஒரே தட்டில் சாப்பிடலாமா என்று இன்னமும் கேட்கிற வீடுகள் இருக்கின்றன. மாத்திரையை முறையாக எடுக்கும் ஒருவர் மணம் செய்யலாம், தொற்றில்லாத குழந்தை பெறலாம் என்பது அந்த வீடுகளுக்குச் செய்தியாகவே போகவில்லை.

தாய்ப்பால் விஷயத்தைச் சொல்ல வேண்டும். எச்.ஐ.வி. உள்ள தாய் பால் கொடுக்கக் கூடாது என்பது பணக்கார நாடுகளில் நெடுநாள் விதி. நம்மவர்களிடையே பிள்ளை பெற்ற வீட்டுக்கு வருகிற ஒவ்வொரு பெரியம்மாவும் "பால் குடுக்கிறியா?" என்றுதான் கேட்பார். அந்தக் கேள்விக்கு அந்தத் தாய் எவ்வளவு காலம் பொய் சொல்ல முடியும்? புட்டிப்பாலே அவள் நோயை ஊருக்குச் சொல்லிவிடும். சுவிஸ் நிபுணர்கள் 2018-இல் இந்த விதியைத் தளர்த்தினார்கள். கர்ப்பம் முழுக்க வைரஸ் அடங்கியிருந்து, மருந்தும் கண்காணிப்பும் தொடருமானால், பால் கொடு என்றோ கொடுக்காதே என்றோ மருத்துவர் கட்டளையிடுவதில்லை. ஆபத்தையும் நன்மையையும் எடுத்துவைத்து, தாயோடு சேர்ந்து முடிவெடுக்கிறார். உடலுறவு விஷயத்தில் சொல்வதுபோல இங்கே பூஜ்ஜியம் என்று சொல்லும் அளவுக்குச் சான்று இல்லை. மிகச் சிறிய ஆபத்து இருக்கலாம் என்பதையும் தாயிடம் மறைப்பதில்லை. இது சிகிச்சைத் தரத்தின் உச்சம் என்று நான் நினைக்கிறேன். பரிசோதனை எண்களில் இது எங்கும் தெரியாது.

குறைகளும் உண்டு. 2012 நிலவரத்தைக் கணித்த ஆய்வு ஒன்று சுவிஸில் சுமார் 15,200 பேருக்கு எச்.ஐ.வி. இருப்பதாகவும், அவர்களில் 68 சதவீதத்தினருக்கு வைரஸ் அடங்கியிருப்பதாகவும் சொன்னது. மீதிப் பேர் எங்கே தவறிப்போனார்கள் என்று பார்த்தால் விடை தெளிவு: ஐந்தில் ஒருவருக்குத் தனக்குத் தொற்று இருப்பதே தெரியாது. கிளினிக்கின் வாசலைத் தாண்டிவிட்டவரை அந்த அமைப்பு கிட்டத்தட்டத் தவறவிடுவதே இல்லை. வாசலுக்கு வராதவரைத்தான் அதனால் பார்க்க முடியவில்லை. காலம்கடந்து, சிடி4 சரிந்தபின் வருபவர்களில் வெளிநாட்டிலிருந்து குடியேறியவர்களும் வயது கூடியவர்களும் அதிகம். ஐம்பது வயதில் விடாத காய்ச்சலோடும் எடை குறைவோடும் வரும் குடும்பஸ்தரிடம் எச்.ஐ.வி. சோதனை செய்யலாமா என்று கேட்க மருத்துவருக்கே கூச்சம்.

தொற்று வராமல் தடுக்கும் முன்தடுப்பு மாத்திரைக்கு 2024 ஜூலை முதல் அடிப்படை மருத்துவக் காப்பீடு பணம் தருகிறது. அதுவரை பலர் கைக்காசு போட்டார்கள், அல்லது வெளிநாட்டிலிருந்து தருவித்தார்கள். ஆண்டுக்குப் புதிதாகக் கண்டறியப்படுபவர்கள் 400-க்கும் கீழே இறங்கிவிட்ட நிலையில், 2030-க்குள் நாட்டுக்குள் புதிய தொற்றே இல்லாமல் செய்வது அரசின் இலக்கு. ஆனால் பாகுபாடு இந்த வேகத்தில் இறங்கவில்லை. சுவிஸ் எய்ட்ஸ் உதவி அமைப்பு ஆண்டுதோறும் வேலையிடம், காப்பீடு, ஏன், மருத்துவமனைகளிலேயே நேரும் புறக்கணிப்புப் புகார்களைப் பதிந்து அரசிடம் கொடுக்கிறது.

முதுமை இன்னொரு புதிய வேலை. தொடராய்வில் இருப்பவர்களில் பாதிப்பேர் ஐம்பதைத் தாண்டிவிட்டார்கள். இனி அவர்களை அச்சுறுத்துவது எச்.ஐ.வி.யைவிட மாரடைப்பும் சிறுநீரகக் கோளாறும் சர்க்கரையும். தெற்காசியர்களுக்கு இவை முன்கூட்டியே வரும் என்பதால் நம்மவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். சில எச்.ஐ.வி. மருந்துகள் கொழுப்புக் குறைப்பு மாத்திரைகளோடும், ஆஸ்துமாவுக்கு உறிஞ்சும் ஸ்டீராய்டு மருந்தோடும் மோதும். டோலுடெக்ராவிர் எடுப்பவர் வெறும் வயிற்றில் அதே நேரத்தில் இரும்பு, கால்சியம் மாத்திரை போட்டால் மருந்து உடலில் சரியாகச் சேராது. மனச்சோர்வுக்கு நல்லது என்று சிலர் எடுக்கும் யொஹானிஸ்கிரவுட் மூலிகை, பல எச்.ஐ.வி. மருந்துகள் ஈரலில் வேகமாகச் சிதையும்படி செய்துவிடும். குடும்ப மருத்துவரிடம் எச்.ஐ.வி.யை மறைப்பவருக்கு இவற்றை யார் எச்சரிப்பார்கள்?

மறைப்பதற்குக் காரணம் பெரும்பாலும் மொழி. சுவிஸ் மருத்துவமனைகளில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிள்ளைகள்தான் பேசிக்கொடுக்கிறார்கள். சர்க்கரைக்கும் முழங்கால் வலிக்கும் அது சமாளிக்கும். எச்.ஐ.வி. பற்றிய உரையாடலை மகளையோ மகனையோ நடுவில் வைத்து எந்தத் தகப்பனும் நடத்தமாட்டார். தொழில்முறை மொழிபெயர்ப்பாளர்கள் இருக்கிறார்கள். ஆனால் வெளிநோயாளர் சிகிச்சையில் அவர்களுக்கு யார் பணம் தருவது என்பது நெடுங்காலச் சச்சரவு. ஊர்ச்சங்கக் கூட்டத்தில் நாளை எதிரே வரக்கூடிய ஒருவர் மொழிபெயர்ப்பாளராக வந்து உட்கார்ந்தால் வாய் திறக்காது. 2011 முதல் தேசிய அளவில் இயங்கும் தொலைபேசி மொழிபெயர்ப்புச் சேவை இந்த இடத்தில் பெரிய உதவி. முகம் தெரியாத ஒருவர், வேறு நகரத்திலிருந்து பேசலாம். அப்படி வேண்டும் என்று நோயாளி மருத்துவரிடம் கேட்கலாம். மருத்துவரைப் போலவே அவரோடு வேலை செய்பவர்களும் ரகசியம் காக்கச் சட்டத்தால் கட்டுப்பட்டவர்கள், உடைத்தால் குற்றவழக்கு. பெயர் கொடுக்காமல் சோதனை செய்துகொள்ளும் ஆலோசனை மையங்களும் பெரிய நகரங்களில் இருக்கின்றன. அங்கே வருபவருக்கு ஓர் எண் தருவார்கள், முடிவு அந்த எண்ணுக்குத்தான் வரும்.